அலமாரிக் கதவு இடித்த காயம்

தோர்லைஃப்: "மார்ச் 12. கிரென்தால் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களுக்கு. பிப்ரவரி மூன்றாம் தேதி நான் எழுதிய கடிதத்தை, ஐந்து வாரங்களுக்கு மேலாகியும் நீங்கள் வெளியிடவில்லை. வெளியிடாததற்குக் காரணமும் தெரிவிக்கவில்லை. இவ்வூர்ப் பள்ளியில் நாற்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியராக இருந்த ஒருவனுக்கு நீங்கள் செய்திருக்கும் இந்த அவமரியாதையை நான் கண்டிக்கிறேன்." அடிச்சிட்டியா இங்குன்?

இங்குன்: அடிச்சிட்டேன் மாமா. "கண்டிக்கிறேன்." முற்றுப்புள்ளி. காபி ஆறுது, குடிங்க.

தோர்லைஃப்: "மேலாகியும்" பக்கத்துல காற்புள்ளி போட்டியா?

இங்குன்: போட்டிருக்கேன். ஒரு மருமகளுக்கு இன்னிக்குக் காலையில வேற என்ன கவலை இருக்கப் போகுது? புருஷன் மேல கேஸ் நடக்குது. பதினோரு மணிக்கு நான் சாட்சி சொல்லணும். டவுனுக்கு ஒன்றரை மணி நேரம் பனியில வண்டி ஓட்டணும். காற்புள்ளி விட்டுப் போயிருந்தா என் கதி என்ன ஆகுறது?

தோர்லைஃப்: கிண்டலா?

இங்குன்: சே சே. நாடே ஒரு எம்.பி. ஓநாயைச் சுட்ட கேஸைப் பத்திப் பேசுது. அந்த எம்.பி.யோட அப்பா மட்டும் தன் கடுதாசி அச்சாகலைன்னு பேசுறாரு. இதுல நான் கிண்டல் பண்ண எடம் எங்க இருக்கு?

தோர்லைஃப்: என் கண்ணு சரியா இருந்தா உன்கிட்ட கெஞ்சுவேனா? நானே அடிச்சுக்குவேன்.

இங்குன்: உங்க கண்ணு சரியா இருந்திருந்தா... சரி விடுங்க. மேல சொல்லுங்க.

தோர்லைஃப்: என்னவோ சொல்ல வந்தே?

இங்குன்: ஒண்ணும் இல்ல மாமா. காபி ஆறுதுன்னு சொல்ல வந்தேன்.

தோர்லைஃப்: அதைத்தான் அப்பவே சொல்லிட்டியே.

இங்குன்: அது அப்ப. இப்ப நிஜமாவே ஆறிப்போச்சு. அது இருக்கட்டும்... மே பதினேழு தேசிய நாளுக்குப் போடுற சூட்டை எதுக்கு இன்னிக்கு மாட்டியிருக்கீங்க? கொடி பிடிச்சு ஊர்வலம் போக இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு.

தோர்லைஃப்: பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கப் போட்டேன்.

இங்குன்: கழுத்துல டையோடயா? பூச்சி டை கட்டினாத்தான் வெளிய வருமா?

யோஸ்தைன்: வணக்கம், வணக்கம்! கதவு தொறந்தே கிடந்திச்சு, வந்துட்டேன்... ஐவின் கிளம்பிட்டாரா?

இங்குன்: வாங்க யோஸ்தைன். உங்க வீரர் ஏழு மணிக்கே வக்கீலோட கிளம்பிட்டாரு. அது என்ன, கேக்கா?

யோஸ்தைன்: என் சம்சாரம் பண்ணினா. வேட்டைக் குழு சார்பா. மேல பாருங்க, பாதாம் மாவுல ஓநாய் செஞ்சிருக்கா.

இங்குன்: அட! காலு நாலையும் மேல தூக்கிக்கிட்டு மல்லாந்து கிடக்கு. நாக்கு கூட வெளிய தொங்குது. என்ன ஒரு பக்தி!

தோர்லைஃப்: இது எத்தனையாவது?

இங்குன்: ஒன்பதாவது, மாமா. எட்டாவதை நேத்துதான் பறவைங்களுக்குப் போட்டேன்.

யோஸ்தைன்: ஊரே அவர் பின்னால நிக்குது இங்குன். ஓஸ்லோக்காரன் ஆயிரம் பேசட்டும். ஆடு வளர்க்கிறவன் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும்? செப்டம்பர்ல தேர்தல் வரட்டும், நம்ம பள்ளத்தாக்குல ஒரு ஓட்டு வெளிய போவாது.

இங்குன்: சட்டவிரோத வேட்டைக்குத் தண்டனையைக் கூட்டணும்னு நாடாளுமன்றத்துல முழங்கினவரு அவரு. போன வசந்தத்துல. அது ஞாபகம் இருக்கா?

யோஸ்தைன்: அது... மத்தவங்களுக்காகக் கூட்டினது.

தோர்லைஃப்: உக்காருடா யோஸ்தைன். சட்டம்னா என்னன்னு உனக்குத்தான் சரியாப் புரிஞ்சிருக்கு. பள்ளிக்கூடத்துல எதுவும் ஏறாதவன், இதை மட்டும் எப்படிப் புடிச்சே?

யோஸ்தைன்: சார், நீங்க எப்பவும் இப்படித்தான்... நானும் இன்னிக்குச் சாட்சி சொல்றேன், மத்தியானம். வேட்டைத் தலைவன் இல்லையா. அன்னிக்கு மான் வேட்டையில யார் யார் எந்தக் காவல் நிலையில உக்காந்திருந்தாங்கன்னு கேப்பாங்க. ஒன்பதாம் நிலை ஐவின்னு சொல்லிடுவேன். நீங்க வெறுமனே கூட உக்காந்திருந்தீங்க. அவ்வளவுதானே சார்?

தோர்லைஃப்: நீதான் தலைவன். நீ சொல்லு.

யோஸ்தைன்: அப்புறம்... எல்லாரோட அட்டையையும் பாத்தேனான்னு கேப்பாங்களாம். வருஷா வருஷம் சுடுற தேர்வுல தேறின அட்டை. உங்க அட்டையையும் நான் பாத்தேன் இல்லையா சார்?

தோர்லைஃப்: பாத்தியா?

யோஸ்தைன்: காட்டினீங்களே. பேர் தெரிஞ்சுது. முத்திரை தெரிஞ்சுது. தேதி மேல மட்டும் உங்க கட்டை விரல் இருந்திச்சு.

இங்குன்: விரலை எடுங்கன்னு கேட்டிருக்கலாமே?

யோஸ்தைன்: இவர்கிட்டயா? நாலாம் வகுப்புல ஒருநாள் இவர்கிட்ட ஏன்னு கேட்டேன். அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல.

இங்குன்: நல்ல பயிற்சி. அதனாலதான் ஊர் கிளப் கமிட்டி சொன்ன உடனே கேள்வி கேக்காம கிளப் சுவத்துல இருந்து என் பொண்ணு போட்டோவைக் கழட்டிட்டீங்க போல.

யோஸ்தைன்: இங்குன்... அது நான் மட்டும் எடுத்த முடிவு இல்ல.

இங்குன்: ஆணி மட்டும் இன்னும் நிக்குது. நேத்து பாத்தேன். பதினாலு வயசுல மாவட்டத்துலயே முதலா வந்தா. ஏழு வருஷம் அந்தச் சுவத்துல சிரிச்சுக்கிட்டு இருந்தா. பனிச்சறுக்குல அவ ஓடின வேகம் ஓநாயோட சேர்ந்து செத்துப் போச்சா?

யோஸ்தைன்: தன்னைப் பெத்தவருக்கு எதிரா தீப்பந்தம் தூக்கிட்டு நாடாளுமன்றத்து வாசல்ல நின்னா, பேப்பர்ல முதல் பக்கத்துல... ஊர்ல எல்லாருக்கும் மனசு கொதிச்சுப் போச்சு. நான் சாவி வெச்சிருக்கிறவன். கழட்டுன்னாங்க, கழட்டினேன்.

தோர்லைஃப்: போட்டோ எங்க இப்ப?

யோஸ்தைன்: கிளப்புல, சறுக்குப் பலகைக்கு மெழுகு தேய்க்கிற ரூம்ல... சுவத்தைப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கேன் சார். ஒடையலை.

இங்குன்: பெரிய மனசு.

யோஸ்தைன்: நான் கிளம்புறேன். தட்டை அப்புறம் வாங்கிக்கிறேன்... சார், சூட்டு நல்லா இருக்கு. எங்கயாவது போறீங்களா?

தோர்லைஃப்: பூச்சி பாக்குறேன். கதவைச் சாத்திட்டுப் போ.

இங்குன்: பாவம், கழுத்து வரைக்கும் வேர்த்துப் போச்சு அவருக்கு. அம்பத்தெட்டு வயசு ஆளு. இன்னும் உங்களைப் பாத்தா முழங்காலை ஒட்ட வெச்சுக்கிட்டு நிக்கிறாரு.

தோர்லைஃப்: கடிதத்துக்கு வா. எங்க விட்டோம்?

இங்குன்: அவமரியாதையில. மாமா, ஒண்ணு கேக்கட்டா? பிப்ரவரிக் கடுதாசியில அப்படி என்னதான் எழுதியிருந்தீங்க? அதை மட்டும் என்னை அடிக்கச் சொல்லாம, நீங்களே பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் கையால எழுதினீங்க.

தோர்லைஃப்: குற்றப்பத்திரிகையில இருந்த பிழைகளைப் பத்தி.

இங்குன்: என்ன பிழை?

தோர்லைஃப்: அடிப்படைப் பிழை.

இங்குன்: ஒருமை பன்மையா?

தோர்லைஃப்: விளையாடாதே இங்குன். நீ முதல்ல சொல்லு. இன்னிக்குக் கோர்ட்டுல என்ன சொல்லப் போறே?

இங்குன்: நான் என்ன சொல்லணும்னு உங்க பிள்ளை எழுதியே கொடுத்திருக்காரு. பாருங்க, மடிச்சு வெச்சிருக்கேன். "அன்று காலை என் கணவர் எங்கள் நாய் கரோவைக் காட்டுக்கு அழைத்துச் சென்றார். மாலையில் நாய் நடுங்கிக்கொண்டே திரும்பியது." அதாவது ஓநாய் நாய் மேல பாஞ்சுதாம். நாயைக் காப்பாத்தச் சுட்டாராம். நாயைக் காப்பாத்தச் சுட்டா குத்தம் இல்லையாம்.

தோர்லைஃப்: நல்லா எழுத்து நடை பழகியிருக்கான்.

இங்குன்: "நடுங்கிக்கொண்டே"தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கரோ அன்னிக்கு எங்க இருந்திச்சு மாமா?

தோர்லைஃப்: எனக்கு எப்படித் தெரியும்?

இங்குன்: எல்லைக்கு அந்தப் பக்கம், சுவீடன்ல, டாக்டரம்மா மேஜை மேல மல்லாந்து கிடந்திச்சு. முழுங்கின ஸாக்ஸை வயித்துல இருந்து எடுத்தாங்க. சாம்பல் நிறக் கம்பளி ஸாக்ஸ். யாரோடதுன்னு சொல்லணுமா?

தோர்லைஃப்: ஒண்ணு காணாமப் போச்சுன்னு நெனச்சேன்.

இங்குன்: கெடச்சிடுச்சு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் அங்கதான் உக்காந்திருந்தேன். போலீஸ்காரன் எவனும் சுவீடன் வரைக்கும் போய்க் கேக்கலை. அதனால இந்த நாட்டுலயே எனக்கும் அந்த நிலையில உக்காந்திருந்த உங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும், அந்த நாய் காட்டுக்குப் போகலைன்னு. நான் பொய் சொன்னா நான் உள்ள போகணும். நெஜத்தைச் சொன்னா அவரு உள்ள போகணும். பொண்டாட்டிங்கிறதால சொல்ல மாட்டேன்னும் சொல்லலாம், சட்டம் விடுது. ஆனா பொண்டாட்டி ஏன் வாயை மூடுறான்னு கேமராவோட வாசல்ல நிக்கிறவன் அர்த்தம் பண்ணிக்குவான். ஓஸ்லோவுல இருந்து ஒருத்தி அதைப் பாத்துக்கிட்டே இருப்பா.

தோர்லைஃப்: சுன்னிவா.

இங்குன்: ம். "அம்மா, நீயும் அந்த ஆளோட கட்சியா?" டிசம்பர்ல அவ அனுப்பின கடைசி வரி. "அந்த ஆளு"... அப்பான்னு கூட இல்ல. கிறிஸ்துமஸுக்கு அவ தட்டை வெச்சு வெச்சு எடுத்தேன். ஈஸ்டருக்கும் மலை வீட்டுக்கு வர மாட்டாளாம்.

தோர்லைஃப்: உன் மேல அவளுக்குக் கோவம் இல்லம்மா.

இங்குன்: உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தானே வாரா வாரம் போன் பண்றா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. நான் பாத்திரம் தேய்க்கிற மாதிரி தண்ணியைத் தொறந்து விட்டுட்டு, ஒட்டுக் கேக்கிறேன். தேச்ச பாத்திரத்தையே தேய்க்கிறேன்.

தோர்லைஃப்: தெரியும். தண்ணி வீணாப் போகுது.

இங்குன்: ஜனவரியில ஒரு ஞாயிறு... என்ன கேட்டா உங்ககிட்ட? நீங்க போனை வெச்சிட்டு அப்படியே விளக்கு கூடப் போடாம உக்காந்திருந்தீங்க.

தோர்லைஃப்: பழைய கதை, விடு.

இங்குன்: சொல்லுங்க மாமா.

தோர்லைஃப்: "நீங்க அப்பா பக்கத்துலதானே இருந்தீங்க தாத்தா... தடுத்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டா.

இங்குன்: என்ன பதில் சொன்னீங்க?

தோர்லைஃப்: பனி நல்லா விழுந்திருக்குன்னு சொன்னேன்.

இங்குன்: ஆஹா. அடுத்த வாரம் உக்காந்து பூதக்கண்ணாடியும் கையுமா எழுதினீங்க. குற்றப்பத்திரிகையில பிழை.

தோர்லைஃப்: மணி ஆவுது. வண்டியை எடு.

இங்குன்: எடுக்கிறேன். அந்தத் தழும்பு இன்னும் போகலை, பாத்தீங்களா? வலது புருவத்து மேல.

தோர்லைஃப்: அலமாரிக் கதவு இடிச்சதுன்னு அன்னிக்கே சொன்னேனே.

இங்குன்: சொன்னீங்க. அக்டோபர் அஞ்சாம் தேதி ராத்திரி. நான்தான் மருந்து வெச்சுக் கட்டினேன். ஆனா மாமா, நம்ம வீட்டு அலமாரிக் கதவு சதுரம். உங்க காயம் அரைவட்டம். பிறை நிலா மாதிரி சுத்தமா வெட்டியிருந்திச்சு.

தோர்லைஃப்: நீ பாத்தியா அதையெல்லாம்?

இங்குன்: நான் இந்தப் பள்ளத்தாக்குல பொறந்தவ. எங்கப்பாவுக்கு ரெண்டு புருவத்துலயும் இருந்திச்சு. துப்பாக்கித் தொலைநோக்கியில கண்ணை ரொம்பக் கிட்ட வெச்சுச் சுட்டா, அது பின்னால உதைச்சு அப்படித்தான் வெட்டும். கண்ணு மங்கினவங்கதான் அவ்வளவு கிட்ட வெப்பாங்க. உங்க பிள்ளை முகத்துல ஒரு கீறல் இல்ல. அன்னிக்கு ராத்திரி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் உக்காந்திருந்தாரு.

தோர்லைஃப்: அஞ்சு மாசமா தெரியுமா உனக்கு?

இங்குன்: அஞ்சு மாசம் ஏழு நாள். மொத கேக் வர்ற வரைக்கும் அவரு "அந்த விபத்து"ன்னுதான் சொன்னாரு. ரெண்டாவது கேக்குக்கு அப்புறம் "நான் சுட்டப்போ"ன்னு ஆரம்பிச்சாரு. நாலாவது கேக்குல நாய் வந்து சேந்துச்சு. இன்னும் ரெண்டு கேக் வந்திருந்தா, ஓநாய் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்.

தோர்லைஃப்: அவன் முதல்ல எனக்காகத்தான் சொன்னான் இங்குன். "அப்பா, உங்களுக்கு எழுபத்தொன்பது வயசு, நீங்க எதுவும் பேசாதீங்க"ன்னு. அந்த அக்கறை பொய்யில்ல.

இங்குன்: தெரியும். அதனாலதான் அவரோட இன்னும் ஒரே வீட்டுல இருக்கேன்.

தோர்லைஃப்: நானும் சும்மா இருக்கலை. எழுதினேன். உன்கிட்டதான் கொடுத்தேன், ஒட்டி, ஸ்டாம்பு எல்லாம் வெச்சு. அந்த ஆசிரியப் பய போடலை. அவனுக்கும் வீரர்தான் வேணும், விக்கிறதுக்கு. கிழட்டு வாத்தியார் பனியில தடுமாறினதை எவன் வாங்குவான்? அஞ்சு வாரமா அவனை மனசுல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சிருக்கேன்.

இங்குன்: இறக்கி விடுங்க மாமா.

தோர்லைஃப்: ஏன்?

இங்குன்: அவனுக்குக் கடுதாசி போகவே இல்ல. இந்தாங்க. என் கைப்பையிலயே இருக்கு. ஓரமெல்லாம் கசங்கிடுச்சு.

தோர்லைஃப்: பிரிச்சியா?

இங்குன்: கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சேன்.

தோர்லைஃப்: அடுத்தவங்க கடிதத்தை!

இங்குன்: திட்டுங்க. தகுதியானவதான். தபால் பெட்டி வரைக்கும் நாலு தடவை போனேன். நாலு தடவையும் ஞாயித்துக்கிழமை ஆறு மணி கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அப்பனை விட்டுட்டா, என்னை விட்டுட்டா. மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர். இது அச்சானா உங்களையும் விட்டுருவா. அப்புறம் அந்தக் குரல் இந்த வீட்டுக்குள்ள எந்த வழியா வரும் மாமா? உங்க பிள்ளை கேக்குக்காகப் பொய் சொன்னாரு. நான் வாரத்துக்குப் பத்து நிமிஷத்துக்காக மறைச்சேன்.

தோர்லைஃப்: வராமப் போகலாம் அந்த போன். அது தெரிஞ்சுதான் எழுதினேன். அவ கேட்ட கேள்விக்குப் பனி விழுதுன்னு சொல்லிட்டு, வாரா வாரம் அந்தக் குரலைக் கேக்கிறது... அது திருட்டு இங்குன். ஒவ்வொரு ஞாயிறும் திருடிக்கிட்டு இருக்கேன்.

இங்குன்: அதுக்குத்தான் டையா?

தோர்லைஃப்: அதுக்குத்தான் டை. உனக்கு முன்னால நான் உள்ள போறேன். அரசு வக்கீல் கையில ஒரு நகல் கொடுப்பேன். நீ நாயைப் பத்தி நெஜத்தைச் சொல்லு. என் ஸாக்ஸைப் பத்தியும் சொல்லிக்கோ.

இங்குன்: உங்க பிள்ளை?

தோர்லைஃப்: கேக் இல்லாம கொஞ்ச நாள் இருக்கட்டும். மெலியட்டும். அந்த கம்ப்யூட்டர்ல இருக்கிற புதுக் கடிதத்தை அழிச்சிடு. பழசை அப்படியே அடிச்சு இப்பவே அனுப்பு. அனுப்புறதுக்கு முன்னால சத்தமாப் படி, பிழை இருந்தா திருத்தணும்.

இங்குன்: பிழை எதுவும் இல்ல மாமா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. கேளுங்க: "ஆசிரியர் அவர்களுக்கு. சென்ற அக்டோபர் ஐந்தாம் தேதி ஒன்பதாம் நிலையிலிருந்து அந்தப் பெண் ஓநாயைச் சுட்டவன் என் மகன் ஐவின் அல்லன், நான். அவன் தொலைபேசியில் பேசுவதற்காக மேட்டுக்குப் போயிருந்தான். துப்பாக்கியை என்னிடம் கொடுத்துச் சென்றான். ஆகஸ்டில் நடந்த சுடும் தேர்வில் இருமுறை தோற்ற எனக்கு அதைத் தொடும் உரிமை இல்லை. பிறர் தேர்வுகளை நாற்பத்தோர் ஆண்டுகள் திருத்திய நான், என் தோல்வியைக் கட்டை விரலால் மறைத்தேன். மூடுபனியில் மான் கன்று என எண்ணிச் சுட்டேன். அங்கே நாயும் இல்லை, வீரமும் இல்லை. என் மகன் முதலில் என்னைக் காக்கப் பொய் சொன்னான். பின்னர் உங்கள் கைதட்டலுக்காகச் சொன்னான். முதற்பொய்க்குப் பொறுப்பு நான்; இரண்டாம் பொய்க்கு அவனும் நீங்களும். இந்த வீட்டில் உண்மையின் பக்கம் நின்றவள் ஒருத்திதான். அவளைத்தான் நீங்கள் சுவரிலிருந்து இறக்கினீர்கள். ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன்: என் பேத்தி சுன்னிவாவின் படத்தை ஈஸ்டருக்குள் அதன் ஆணியிலேயே மாட்டுங்கள். இறக்குவதற்கு ஒரு முகம் கட்டாயம் வேண்டுமென்றால், ஐம்பதாண்டு வேட்டைக்காக நீங்கள் மாட்டிய என் படம் இரண்டடி தள்ளித் தொங்குகிறது. அதைக் கழற்றுங்கள்."